குளிசை கொடுத்ததோடு வைத்தியம் முடிவதில்லை

மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் ஆற்றோரக் கிராமங்களில் ஒரு நோய் உண்டு. முதலில் காய்ச்சல், தலையிடி, பிடரியில் நெறி கட்டுதல். மாதங்கள் செல்லச் செல்ல, பகலில் நித்திரையும் இரவில் விழிப்பும், பேச்சில் தடுமாற்றமும், காரணமில்லாத கோபமும் தோன்றும். வீட்டார் பைத்தியம் என்பர், அயலார் பேய் என்பர். வைத்தியம் இல்லையேல் ஆள் தப்புவது அரிது. இதுவே நித்திரை நோய். செற்சி ஈ கடிக்கும்போது இரத்தத்தில் புகும் ஓர் ஒட்டுண்ணி, ஈற்றில் மூளையைச் சென்றடைவதால் இது வருகிறது.

இந்த ஈ எமது நாட்டில் இல்லை. இந்த நோயும் இல்லை. அப்படியிருக்க ஏன் எழுதுகிறோம்? இந்நோய் தாக்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் எம்மைப் போன்ற கமக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் அள்ளப் போனவர்கள், தோட்டம் கொத்தப் போனவர்கள். அவர்களுட் பலர் யுத்தத்தால் ஊரைவிட்டு எழும்பியவர்கள். அவர்கள் பட்ட பாட்டில் எமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1920களில் கமரூன் நாட்டில் யூஜின் ஜமோ என்ற பிரெஞ்சு வைத்தியர் நுணுக்குக்காட்டிகளுடன் குழுக்களை ஊரூராக அனுப்பி நோயாளரைத் தேடிப் பிடித்தார். இவ்வாறான தேடுதலால், 1960களில் ஆபிரிக்கா முழுவதிலும் பதிவான நோயாளர் ஆண்டொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் குறைவாயினர். நோய் ஒழிந்தது என்று அரசாங்கங்கள் கையை விட்டன. பின்னர் யுத்தங்கள் வந்தன. 1998 இல் ஏறக்குறைய 40,000 பேர் பதிவாகினர்; கண்டுபிடிக்கப்படாதோர் மூன்று இலட்சம் வரை இருக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. அங்கோலா, கொங்கோ, தென் சூடான் ஆகியவற்றின் சில கிராமங்களில் சனத்தொகையில் பாதிப் பேருக்கு நோய் இருந்தது.

மூளையை எட்டிய நோய்க்கு 1949 முதல் கொடுக்கப்பட்ட ஊசி மருந்து மெலார்சொப்றோல். இது பாஷாணத்திலிருந்து செய்யப்பட்டது. ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூளை அழற்சி ஏற்பட்டது. அவர்களிற் பலர் மருந்தினாலேயே மாண்டனர். தப்பியவர்களும் சுகமானார்கள் என்று உடனே சொல்ல முடியாது. மூளையில் மறைந்திருக்கும் கிருமி மாதக்கணக்கில் சும்மா கிடந்து மறுபடியும் தலையெடுக்கும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடங்களுக்கு, முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். அந்நீரில் வெண்குருதிக் கலங்கள் கன மில்லிமீற்றருக்கு ஐந்துக்கு மேற்படாவிட்டால் ஆறுதல். எண்ணிக்கை ஏறிக்கொண்டு போனால் நோய் திரும்புகிறது என்று பொருள்.

இதை ஓர் அகதியின் நிலையில் வைத்து யோசிப்போம். வைத்தியம் பெற்ற ஊரில் அவர் இப்போது இல்லை. களை பிடுங்கும் காலத்தில் தோட்டத்தை விட்டு ஒரு நாள் வழி நடக்க வேண்டும். உடம்பில் வருத்தம் ஒன்றும் தெரியாதபோது, முதுகில் குத்தும் ஊசிக்காக நடக்க வேண்டும். அவர் போகாவிட்டால் ஏட்டில் ‘வரவில்லை’ என்று எழுதப்படும். அந்த ஒரு சொல்லால் பிழை முழுவதும் நோயாளியின் தலையில் ஏற்றப்படுகிறது. இது நியாயமல்ல என்பதே எமது கருத்து. வராதவரைத் தேடிப் போகாததும் ஒரு பிழைதான்.

‘உயிருக்கே உத்தரவாதம் இல்லாத இடத்தில், மருந்து கொடுப்பதே பெரிய காரியம், இரண்டு வருடம் பின்தொடர்வது வசதியுள்ளவர்களின் வேலை’ என்று சிலர் சொல்வர். 1990களில் உகண்டாவின் ஒமுகோ என்ற இடத்தில் நடந்தது இதற்குப் பதில் சொல்லும். அங்கே மெலார்சொப்றோல் பெற்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரில் மருந்து பலிக்கவில்லை என்று தெரியவந்தது. பின்தொடராமல் விட்டிருந்தால் எல்லோரும் சுகமடைந்தோர் கணக்கிலேயே சேர்ந்திருப்பர். பலிக்காத ஒரு நஞ்சு மேலும் பலருக்கு ஏற்றப்பட்டிருக்கும்.

பின்னர் நல்ல மருந்துகள் வந்தன. எப்லோனித்தின் என்ற மருந்தை, இலாபம் இல்லை என்று ஒரு கட்டத்தில் செய்யாமல் விட்டிருந்தார்கள். 2001 இல் மீண்டும் கிடைக்க வழி பிறந்தது. நாளுக்கு நான்கு முறையாகப் பதினான்கு நாட்கள், மொத்தம் 56 தடவை நாளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. 2009 முதல் வேறொரு குளிசையுடன் சேர்த்து அது 14 தடவையாகக் குறைந்தது. 2018 இல் பெக்சினிடசோல் என்ற குளிசை அங்கீகாரம் பெற்றது. பத்து நாள் வாயால் விழுங்கினால் போதும்.

இது பெரிய நன்மை. ஆனால் கையில் குளிசையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. இக்குளிசையைச் சாப்பாட்டுடன் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் போதிய அளவு உடலில் சேராது. ஒரு நேரக் கஞ்சிக்கும் வழியில்லாத முகாமில் மருந்தோடு உணவையும் கொடுக்காதவர் பாதி வைத்தியமே செய்கிறார். மூளையில் நோய் முற்றியவர்களுக்கு இது ஏற்று மருந்தளவு பலிப்பதில்லை. நோய் பிந்தித் திரும்பவும் கூடும். ஆகவே குளிசை வந்ததால் கண்காணிப்பு தேவையற்றுப் போகவில்லை.

2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவானோரே பதிவாகின்றனர். டோகோ, ஐவரி கோஸ்ற், உகண்டா, கானா முதலிய நாடுகளில் இது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டுள்ளது. மகிழ்ச்சிதான். ஆனால் 1960களிலும் இப்படித்தான் மகிழ்ந்தார்கள். இலங்கையிலும் இதே பாடம் படித்தோம். 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா இருந்தது. கண்காணிப்புத் தளர்ந்தது, 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதை மீண்டும் அடக்கி, 2016 இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் பெற ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். இடம்பெயர்ந்தோருக்கு வைத்தியம் செய்ய முன்வருவோர், மருந்துச் செலவோடு பஸ் காசையும் ஒரு நேரச் சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை நாள், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதை நோயாளி வாசிக்கக்கூடிய மொழியில் எழுதி அவரது கையிலேயே கொடுக்க வேண்டும். அவர் போய்ச் சேரும் இடத்து வைத்தியசாலை அந்தத் துண்டை மதித்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். யார் எங்கே போனார்கள் என்பது சனங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையே தேடிச் செல்லும் வேலைக்குப் பழக்க வேண்டும்.

எமது குடும்பங்களுக்கும் ஒரு சொல். சயரோகமோ வலிப்போ வேறெந்த நீண்ட வைத்தியமோ, சுகம் தெரிகிறது என்று இடையில் நிறுத்த வேண்டாம். எழும்பி ஓட நேர்ந்தால், காணி உறுதியும் அடையாள அட்டையும் வைக்கும் அதே பையில் கிளினிக் கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். காணி எங்கள் உரிமை என்பது போல, தொடங்கிய வைத்தியத்தை முடித்துத் தரும்படி கேட்பதும் எங்கள் உரிமைதான்.