மலைமேல் பழிபோடாதீர்கள்

தாரா ஏர் நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரையைப் படித்தேன். நேபாளத்தின் மலைக் கிராமங்களுக்குச் சிறு விமானங்களை ஓட்டும் நிறுவனம் அது. கட்டுரையாளரின் வாதம் இதுதான்: இமயமலை கொடியது, அங்கே மேகமும் காற்றும் நொடியில் மாறும், அப்படிப்பட்ட இடத்தில் பறப்பவர்களை ஐரோப்பிய அளவுகோலை வைத்து அளக்கக் கூடாது. விதிகளை இறுக்கினால் விமானமே வராமல் போய்விடும். ஆபத்தைத் தெரிந்துகொண்டுதான் அங்குள்ள மக்கள் ஏறுகிறார்கள்.

அந்நிறுவனத்தின் விபத்துகளில் செத்தவர்களைப் பற்றி அக்கறையோடு எழுதுவதுபோல் தோன்றும் இந்தக் கட்டுரை, அவர்கள் ஏன் செத்தார்கள் என்ற கேள்வியின் பக்கமே போகவில்லை. அதற்கான பதில் அச்சில் இருக்கிறது. நேபாள அரசே அமைத்த விசாரணைக் குழுக்கள் தங்கள் அறிக்கைகளில் எழுதி வைத்திருக்கின்றன. அவற்றைப் புரட்டாமலே மலைமேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார் கட்டுரையாளர்.

புரட்டிப் பார்ப்போம். 2009இல் எட்டி ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாகத் தாரா ஏர் தொடங்கியது. 2010 டிசம்பரில் லாமிடாண்டாவிலிருந்து காத்மாண்டு கிளம்பிய அதன் ட்வின் ஆட்டர் விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். 2016 பிப்ரவரியில் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் போன விமானத்தில் 23 பேர். 2022 மே மாதம் அதே பொக்காரா, அதே ஜோம்சோம், 22 பேர். மூன்றிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இந்த ஜோம்சோம் தடம் நமக்கு அந்நியமானது அல்ல. முக்திநாத் போகிறவர்கள் இறங்கும் இடம் அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று போற்றப்படும் அந்தத் தலத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ பெரியவர்கள் கிளம்பிப் போகிறார்கள். முழங்கால் வலியோடு மலைச்சாலையில் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போக முடியாதவர்கள் இருபது நிமிட விமானத்தில் ஏறுகிறார்கள். அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு வழியாக விமானம் போகும். முற்பகல் கழிந்தால் காற்று பலத்துவிடும் என்பதால் காலையிலேயே பறந்து முடித்துவிட வேண்டும். காலையில் மேகம் கவிந்திருந்தால், கலையட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அன்றைய நேரத்தைத் தின்னும். நெருக்கடி பிறப்பது அங்கேதான்.

2016இல் விழுந்தது பழைய ஓட்டை விமானம் அல்ல. சேவைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத புதிய ட்வின் ஆட்டர். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி அதில் இருந்தது. கருவி ஒலித்தது, கவலைப்பட வேண்டாம் என்று கேப்டன் சொன்னது விமானி அறை ஒலிப்பதிவில் இருக்கிறது. கண்ணால் வழி பார்த்து மட்டுமே பறக்க வேண்டிய விதியின்கீழ் கிளம்பிய விமானம், மேகத்துக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தது. விசாரணைக் குழு காரணமாகச் சொன்னது அந்த முடிவைத்தான், மேகத்தை அல்ல.

2022 விபத்து இன்னும் கசப்பானது. அந்தக் கருவியே அணைக்கப்பட்டிருந்தது. ஏன் அணைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை நெருங்கி நிற்பதால் கருவி ஓயாமல் கத்தும். கண்ணெதிரே மலை தெளிவாகத் தெரிகிறபோது அந்தச் சத்தம் தொந்தரவுதான். அதை அடக்க ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் மேகம் சூழ்ந்து மலை கண்ணுக்குத் தெரியாமல் போகிற நொடியில், உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே குரலும் அதே சுவிட்சால் அடைபட்டுக் கிடக்கும். அன்று அதுதான் நடந்தது. சுமார் 14,500 அடி உயரத்தில், மறுநாள்தான் சிதறல்களைக் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்களில் நால்வர் இந்தியர்கள்.

விமானிகளின் பிழைக்கு நிறுவனம் என்ன செய்யும் என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். ஒருமுறை நடந்தால் அது ஒரு விமானியின் பிழை. ஒரே நிறுவனத்தில், ஒரே தடத்தில், ஆறாண்டு இடைவெளியில், இருவேறு விமானிகள் மேகத்துக்குள் போய் மலையில் மோதினால் அது அந்த நிறுவனத்தின் பழக்கம். முதல் அறிக்கையைப் படித்துவிட்டு நிர்வாகம் எதை மாற்றியது? பாதியில் திரும்பி வரும் விமானியைப் பாராட்டும் வழக்கம் அங்கே உண்டானதா? எச்சரிக்கைக் கருவியை எப்போது அடக்கலாம், எப்போது தொடவே கூடாது என்பதை யார் கண்காணித்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் செத்துப்போன விமானியையும் வாய் பேசாத மலையையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நிறுவனத்துக்குச் செய்யும் ஊழியம்.

மலைதான் காரணம் என்றால் 2023 ஜனவரி 15க்கு என்ன விளக்கம்? தாய் நிறுவனமான எட்டியின் ஏ.டி.ஆர். விமானம் பொக்காராவில் விழுந்து 72 பேர் இறந்தார்கள். தெளிந்த வானம், அகன்ற பள்ளத்தாக்கு, அந்த மாதம்தான் திறந்த புத்தம்புதிய விமான நிலையம். இறக்கைமடிப்பு நெம்புகோலை இழுப்பதற்குப் பதிலாக, பக்கத்திலிருந்த விசிறிகளின் நெம்புகோல்களை இழுத்துவிட்டதால் உந்துவிசை அற்றுப்போனது. புதிய ஓடுபாதையில் அப்படி இறங்குவதற்கான முறையான பயிற்சி தரப்படவில்லை என்று அறிக்கை சொல்கிறது. அந்த விமானி அறையில் இருந்த பெண் விமானியின் கணவரும் 2006இல் ஜும்லாவில் விழுந்த எட்டி விமானத்தில் விமானியாக இருந்து இறந்தவர். ஒரே குடும்பத்தில் இருவரைப் பறிகொடுத்தவர்களிடம் போய், இமயமலை அப்படித்தான் என்று இவர் சொல்வாரா?

ஐரோப்பிய அளவுகோல் வேண்டாம் என்கிறார். சரி, ஐரோப்பாவிலேயே மலையும் காற்றும் மேகமும் நிறைந்த ஓர் இடத்தைப் பார்ப்போம். நார்வேயின் வடக்கிலும் மேற்கிலும் கடலோரச் சிற்றூர்களுக்குப் பறப்பது விடரோ என்ற நிறுவனம். மலையும் கடலும் நெருக்கும் இடங்களில் சுமார் 800 மீட்டர் ஓடுபாதைகள். ஆர்க்டிக் காற்று, குளிர்காலத்தில் நீண்ட இருட்டு. அந்த நிறுவனமும் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1982இல் மேஹாம் அருகே 15 பேர், 1988இல் டோர்க்ஹாட்டன் மலையில் 36 பேர், 1990இல் வேரோயில் 5 பேர், 1993இல் நாம்சோஸ் அருகே 6 பேர். அன்றைக்கு அங்கேயும் மலையைக் காட்டித் தப்பித்திருக்கலாம். வேரோய் விமான நிலையம் அதன் பிறகு திறக்கவே இல்லை. ஊரைக் கைவிட்டுவிடவில்லை; ஹெலிகாப்டர் விட்டார்கள். ட்வின் ஆட்டர்களை நீக்கி டேஷ் 8 வாங்கினார்கள். சிறு ஓடுபாதைகளுக்குச் செயற்கைக்கோள் உதவியால் இறங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1993க்குப் பிறகு விடரோ விமானத்தில் ஒரு பயணியும் விபத்தில் சாகவில்லை. நார்வேயின் மலைகள் இடம் மாறவில்லை; மாறியது நிறுவனமும் அதை மேற்பார்வை செய்தவர்களும்தான்.

நார்வே பணக்கார நாடு என்ற பதில் வரும். நியாயம்தான், டேஷ் 8 விமானத்தை நேபாளம் எளிதில் வாங்கிவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே வாங்கிப் பொருத்திய கருவியை அணைக்காமல் இருக்கப் பணம் வேண்டாம். மேகம் தெரிந்தால் திரும்பி வர எரிபொருள் தவிர வேறு செலவில்லை. அலாஸ்காவில் கணவாய்களிலும் தொலைதூர ஓடுபாதைகளிலும் கேமராக்களைப் பொருத்தியிருக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்த நாளில் எடுத்த படத்தையும் இந்த நிமிடத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கிளம்பலாமா வேண்டாமா என்று விமானி முடிவெடுக்கலாம். ஜோம்சோம் தடத்தின் கணவாய்களில் அப்படிச் சில கேமராக்களை வைப்பது ஒரு நாட்டைத் திவாலாக்கிவிடாது. இன்னொன்றும் இருக்கிறது. தடம் முழுக்க வானிலை சாதகமாக இருந்தால்தான் அனுமதி என்று நேபாள விமானப் போக்குவரத்து ஆணையம் விதியை இறுக்கியது 2022 விபத்து நடந்த பிறகு. கண்ணால் பார்த்துப் பறப்பதன் முதல் நிபந்தனையே அதுதானே! அதைச் சொல்ல அந்த 22 பேரும் செத்தாக வேண்டியிருந்தது.

இந்த ஆணையத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. விமான நிலையங்களை நடத்திக் கட்டணம் வசூலிப்பதும் அதுதான், பாதுகாப்பைச் சோதித்துத் தண்டிக்க வேண்டியதும் அதுதான். விமானம் பறந்தால்தான் வருமானம் வரும் என்ற நிலையில் இருக்கும் அமைப்பு, பறக்காதே என்று எப்படிச் சொல்லும்? அதை இரண்டாகப் பிரிக்கும் மசோதா பல ஆண்டுகளாக நாடாளுமன்றத்தில் இழுபட்டது. 2013 டிசம்பரில் நேபாள நிறுவனங்கள் அத்தனைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. 2017இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தன் பாதுகாப்புக் கவலையை விலக்கிக்கொண்டதைக் கட்டுரையாளர் நற்சான்றிதழாகக் காட்டுகிறார். அந்தச் சான்றிதழுக்குப் பிறகுதான் 2022, 2023, பிறகு காத்மாண்டு விமான நிலையத்திலேயே சௌர்யா என்ற வேறொரு நிறுவனத்தின் விமானம் விழுந்து 18 பேர் இறந்த 2024.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கோபமூட்டிய வரி: மக்கள் தெரிந்தேதான் ஏறுகிறார்கள் என்பது. ஹும்லா மாவட்டத்தின் சிமிகோட்டில் பிரசவம் சிக்கலாகிவிட்ட பெண்ணுக்கு நேபாள்கஞ்ச் போன்ற ஊரின் ஆஸ்பத்திரிதான் கதி, அங்கே விரைந்து போக விமானம்தான் வழி. மருந்தும் அரிசியும்கூட நெடுங்காலம் அவ்வழியே வந்தன. அவள் எச்சரிக்கைக் கருவி அணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டா ஏறுகிறாள்? வேறு வழியில்லாமல் ஏறுவதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்கக் கூடாது. விதிகளை இறுக்கினால் விமானம் வராது என்ற மிரட்டல், பாதுகாப்பான விமானம் நகரத்தாருக்கு, கிடைத்த விமானம் மலைவாசிக்கு என்ற ஏற்பாட்டை நிரந்தரமாக்கத்தான் உதவும். சிமிகோட்டுப் பெண்ணுக்காக வாதாடுவதாக இவர் சொல்கிறார். அவள் சார்பில் அவர் கேட்டிருக்க வேண்டியவை மூன்று: ஆணையத்தைப் பிரிக்க வேண்டும், தடத்தில் கேமராக்கள் வைக்க வேண்டும், மேகத்துக்குள் நுழையும் விமானியையும் அவரை அனுப்பும் நிர்வாகத்தையும் சேர்த்தே தண்டிக்க வேண்டும். நிறுவனத்தை விட்டுவிடுங்கள் என்பதைத் தவிர அவர் கட்டுரையில் வேறு கோரிக்கையே இல்லை.