திருநீறு எப்போது அழுக்கானது?

வேலை விளம்பரங்களில் 'நேர்த்தியான தோற்றம் வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். நல்ல வரிதான். குளித்து, துவைத்த சட்டை போட்டு, தலைவாரி வேலைக்கு வரச் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் அதே வரி நம்மவர் மீது பாயும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. நெற்றியில் திருநீறா, அழித்துவிட்டு வா. மூக்குத்தியா, கழற்று. கையில் கோயில் கயிறா, அறுத்துப் போடு. தைப்பூச விரதத்துக்கு வளர்த்த தாடியா, மழித்துவிட்டு வா. இல்லையேல் வாடிக்கையாளர் முன் நிற்காதே!

திருநீறு எப்போது அழுக்கானது? பொட்டு எப்போது அநாகரிகமானது?

எதிர்த்துக் கேட்டால் நிர்வாகம் ஒரு கேள்வியைத் தூக்கிப் போடும்: "இது உங்கள் சமயத்தில் கட்டாயமா?" இங்கேதான் நம் பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். கட்டாயம் என்று முத்திரை குத்தித் தர நமக்கு ஒரு தலைமைப் பீடம் கிடையாது. ஒரு வீட்டில் திருநீறு, அடுத்த வீட்டில் நாமம், இன்னொரு வீட்டில் வெறும் பொட்டு. பாட்டி மூக்குக் குத்தினாள், அம்மா குத்தினாள், மகளும் குத்திக்கொண்டாள். நம்மிடம் உள்ள சான்றிதழ் அவ்வளவுதான். 'கட்டாயமில்லை என்றால் கழற்று' என்று நிர்வாகம் கோப்பை மூடிவிடுகிறது. அன்பர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடாதீர்கள். கேள்வியே தவறு!

இதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது. நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரில், ஒரு தமிழ் மாணவி 2004இல் மூக்குத்தி அணிந்து பள்ளிக்குச் சென்றார். பள்ளி விதி தடுத்தது. தாயார் வழக்குத் தொடுத்தார். 2007 அக்டோபரில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டாயக் கடமையானாலும் விரும்பி ஏற்ற வழக்கமானாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. மூக்குத்தியால் பள்ளி ஒழுங்கு கெடும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. அது பள்ளிக்கூட வழக்குதான். ஆனால் அந்த அளவுகோல் வேலையிடத்துக்கும் பொருந்தாதா?

பாதுகாப்பு விதிகளை நாம் எதிர்க்கவில்லை. சுழலும் இயந்திரத்தில் கயிறு சிக்கும். உணவுத் தொழிற்சாலையில் மூக்குத்தி கழன்று விழலாம். அங்கே எல்லாருக்கும் ஒரே விதி, சரி. ஆனால் முகப்பில் அமர்ந்து கணினியில் பதிவு செய்யும் பெண்ணின் பொட்டு எந்த இயந்திரத்தில் சிக்கப் போகிறது?

2017 நவம்பரில் நம் நாட்டின் சில ஓட்டல்கள் முகப்பு ஊழியர்களைத் துடோங் அணிய விடவில்லை என்ற செய்தி வந்தது. நாடே பேசியது. பேசியதுதான் நியாயம்! அந்தச் சகோதரிகளின் உரிமையை நாமும் ஆதரிக்கிறோம். அதே குரல் திருநீற்றுக்கும் எழ வேண்டும் என்றுதான் கேட்கிறோம். நியாயத்துக்கு இரண்டு தராசு கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமய, இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் 2005இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் கர்ப்பம் தொடர்பான வழக்கில், அந்தப் பாதுகாப்பு தனியார் முதலாளிகளைக் கட்டுப்படுத்தாது என்று கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 69எஃப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. வேலையிடப் பாகுபாடு குறித்த புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். அதன் உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் 'பாகுபாடு' என்றால் என்ன என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. நேர்முகத் தேர்விலேயே திருப்பி அனுப்பப்பட்டவரைப் பற்றியும் பேசவில்லை. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமோ இனத்தையும் சமயத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது; ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நம் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் நம் பிரதிநிதிகள் இதைக் கேட்கக் கூடாதா?

நம் வீட்டையும் பார்ப்போம். "நேர்முகத் தேர்வுக்குப் போகிறாய், பொட்டை எடுத்துவிடு" என்று முதலில் சொல்வது யார்? பெற்றோர்தானே! யாரும் கேட்பதற்கு முன்பே நாமே அழித்துவிட்டால் பிறகு உரிமை என்று எதைக் கேட்பது?

இனி இப்படிச் செய்யுங்கள். கழற்றச் சொன்னால் விதியை எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் வேலைக்கு எந்த வகையில் இடையூறு என்று எழுத்திலேயே கேளுங்கள். கோபப்பட்டு ராஜினாமா செய்யாதீர்கள். தொழிற்சங்கத்திடம் சொல்லுங்கள்; தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். நீக்கப்பட்டால் 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவுக்குச் செல்லுங்கள். நாள் தவறினால் வழக்கும் தவறும்.

சுத்தமாக வருவோம், நேரத்துக்கு வருவோம், வேலையைச் செம்மையாகச் செய்வோம். நெற்றி நம்முடையது!