தண்ணீர் வகுத்த தலைநகரம்

இந்தோனேஷியா தனது தலைநகரை ஜாகர்த்தாவிலிருந்து போர்னியோ தீவுக்கு மாற்றப் போவதாக 2019-ல் அறிவித்தது. புது நகருக்கு ‘நுசந்தாரா’ என்று பெயரிட்டு 2022-ல் சட்டமும் செய்தது. புதிய தலைநகர் என்றதும் மாளிகைகளைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் மாளிகைக்கு முன்னே வருகிறவர் சர்வேயர். அவர் வேலை எத்தகையது என்பதற்கு ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவே சாட்சி.

1901-ல் ஆஸ்திரேலியக் காலனிகள் ஒரே நாடாயின. தலைநகர் சிட்னியா, மெல்போர்னா என்று போட்டி மூண்டது. இரண்டும் வேண்டாம், சிட்னி இருக்கும் ராஜ்யத்திலேயே, அதற்கு 100 மைலுக்குக் குறையாத தூரத்தில் புதிய நகரம் அமைப்பது என்று சமரசம் ஏற்பட்டது.

தண்ணீரே பிரதானம்

1909-ல் சார்லஸ் ஸ்கிரிவ்னர் என்ற சர்வேயர் கான்பெரா பகுதியில் கூடாரம் அடித்தார். இடம் அழகாக இருக்க வேண்டும். போதிய தண்ணீரும் வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. அவர் கண் காட்டர் நதியின் மீது சென்றது. அந்த நதிக்கு மழைநீர் வந்து சேரும் மலைச்சரிவுகள் முழுவதும் தலைநகர்ப் பிரதேசத்துக்குள் வந்தன. மேற்கு எல்லை எது? மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் மலைமுகடுதான்!

அந்த எல்லையை 1910 முதல் 1915 வரை பெர்சி ஷீப், ஹாரி மோவாட், பிரெடரிக் ஜான்ஸ்டன் ஆகியோர் மலையேறி அளந்து அடையாளமிட்டனர். ஸ்கிரிவ்னர் குழுவின் நிலப்படமோ கடல் கடந்து சென்றது. அமெரிக்கக் கட்டிடச் சிற்பி வால்டர் பர்லி கிரிபின், இடத்தை நேரில் பாராமலே நகருக்குத் திட்டம் வரைந்து, 1912-ல் போட்டியில் வென்றார். நிலப்படம் தவறியிருந்தால் நகரமே தவறியிருக்கும்.

1927-ல் பார்லிமெண்டு கான்பெராவுக்கு வந்தது. காட்டர் நதி இன்றும் அந்நகரின் தாகம் தீர்க்கிறது.

அளக்காத ஒன்று

ஆனால் ஒரு குறையும் உண்டு. நுன்னவால் ஆதிகுடிகள் தொன்றுதொட்டு வாழ்ந்த பூமி அது. தலைநகருக்கு இடம் குறித்தபோது அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தண்ணீரை எண்ணிப் பார்த்தவர்கள் மனிதரை எண்ணிப் பார்க்கவில்லை.

நுசந்தாராவிலும் தண்ணீருக்கு வழி செய்திருக்கிறார்கள். செபாக்கு செமோய் அணை 2024-ல் திறக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் அப்பகுதியின் பாலிக் பழங்குடியினர், தங்கள் நிலம் என்னாகுமோ என்று அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு நியாயமான பதில் சொல்வது சர்வேயரின் வேலையல்ல, சர்க்காரின் வேலை. எல்லைக்கல் நடுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவதுதான் முறை. கான்பெரா கற்றுத் தரும் இரண்டு பாடங்களில் ஒன்றை மட்டும் படித்தால் போதாது.