சைக்கிள் செயின் தொங்குகிறதா?

மகள் ஸ்கூலுக்கு ஓட்டிப் போகும் சைக்கிளில் செயின் தொங்கினால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டு விடாதீர்கள், சகோதரிகளே! மெயின் ரோட்டைக் கடக்கும்போது கழன்றால் பெடல் சட்டென்று இளகி, பெண் தடுமாறி விழுந்து விடுவாள். எங்க வீட்டில் இந்த வேலையை நானேதான் செய்கிறேன்.

கியர் இல்லாத சைக்கிளில், செயினின் நடுவில் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் அசைந்தால் சரி. அதற்கு மேல் தொங்கினால், பின் சக்கரத்தின் இருபுற நட்டுகளையும் ஸ்பேனரால் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். இரண்டு பக்கமும் சமமாக நகரணும். டயர் நட்டநடுவில் நிற்கணும். நட்டுகளை நன்றாக முடுக்கிய பிறகு பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். சக்கரம் நகர்ந்ததில் பிரேக் கட்டை விலகியிருக்கலாம்.

பிள்ளைகளின் ஸ்கேலால் அளந்தால் 24 கண்ணிகள் 12 அங்குலம் வரணும். அரைக்கால் அங்குலம் கூடினால் செயின் தேய்ந்து விட்டது என்று அர்த்தம்; புதிது மாற்றி விடுங்கள்.

கடைசியாக ஒன்று: சக்கரத்தைச் சுற்றும்போது முந்தானையை இடுப்பில் செருகிக் கொள்ளுங்கள். தவழும் குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள். செயினில் பிஞ்சு விரல் மாட்டினால் நொடியில் நசுங்கி விடும்!