வேளச்சேரிக்கு பேரு பெத்த பேரு!

2024-ம் ஆண்டு அக்டோபர் மாத நடுவில் வேளச்சேரி மேம்பாலத்தில் நடந்த கூத்தை சென்னையே பார்த்தது.

பலத்த மழை வரப்போகிறது என்று வானிலை ஆய்வு மையம் சொன்னதுதான் தாமதம். வேளச்சேரிக்காரர்கள் காரை எடுத்தார்கள். பாலத்தில் ஏற்றினார்கள். ஓரமாக நிறுத்தி பூட்டினார்கள். சாவியை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்கள்!

அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்படி எதுவும் போடவில்லை என்று போக்குவரத்து போலீசார் மறுத்தார்கள். போட்டாலும் காரை யாரும் எடுத்து இருக்க மாட்டார்கள். அபராதம் நூறு, ஆயிரத்தில் போகும். என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் லட்சத்தில் போகும். இந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 2015-ம் ஆண்டும் 2023-ம் ஆண்டும் சொல்லிக் கொடுத்தன.

"பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்பார்கள். பேர் பெரிசு, குடிக்க தண்ணி இல்லை என்று அர்த்தம். வேளச்சேரியில் கதை தலைகீழ். பேரும் பெரிசு, தண்ணியும் பெரிசு!

பேர் சும்மா வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். 2000-ம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் வந்தது. 2007 நவம்பரில் பறக்கும் ரெயில் வேளச்சேரி வரை வந்தது. கடற்கரைக்கு ஒரே வண்டி. கிண்டி பக்கம், விமான நிலையம் பக்கம். விஜயநகரில் இருந்து எந்தத் திக்குக்கும் பஸ். பெரிய பெரிய கடைகள், சினிமா தியேட்டர்கள். விஜயநகர் சந்திப்பில் இரண்டு அடுக்கு மேம்பாலம். ஒன்று 2021 நவம்பரில் திறந்தார்கள், இன்னொன்று 2022-ல். மாச சம்பளக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்? "வீடு எங்கே?" என்று கேட்டால் "வேளச்சேரி" என்று சொல்வதிலேயே ஒரு கெத்து. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட தலையை ஆட்டுவார்கள்.

(ஆனால் அந்த ரெயிலை அங்கிருந்து பரங்கிமலைக்கு நீட்ட 2008-ல் தொடங்கினார்கள். வெறும் 5 கிலோ மீட்டர். அதில் அரை கிலோ மீட்டர் நிலத்துக்கு வழக்கு. 15 வருடத்துக்கு மேல் இழுத்தது. சைக்கிளில் போனால் அரை மணி நேரம்.)

கிண்ணத்தில் கட்டிய ஊர்

இனி ஊரின் அடியைப் பார்ப்போம். வேளச்சேரி பழைய ஊர். தண்டீஸ்வரர் கோவிலில் சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் மேட்டில் கோவில் கட்டினார்கள், பள்ளத்தை ஏரிக்கு விட்டார்கள். நாம் ஏரியில் வீடு கட்டிவிட்டு, தண்ணீர் ஏன் வருகிறது என்று கேட்கிறோம்.

வேளச்சேரி ஏரி ஏட்டில் 265 ஏக்கர். மிச்சம் இருப்பது சுமார் 55 ஏக்கர். பாக்கி எங்கே போச்சு? யாரைக் கேட்டாலும் கரையில் குடிசை போட்டவனைக் கையைக் காட்டுகிறார்கள். அவன் பங்கும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏரி நிலத்தில் ஒரு பகுதியை வீட்டு வசதிக்கு என்று எடுத்தது அரசாங்கமே. ஏரியை ஒட்டி 100 அடி சாலை போட்டதும் அரசாங்கமே. குடிசைக்காரன் சாலை போடவில்லை!

தென் சென்னையில் 31 ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல். அந்த சதுப்பு நிலத்தின் பெரும் பகுதியை குப்பை மேடும் கட்டிடங்களும் சாப்பிட்டு விட்டன. 2022-ல் அதற்கு 'ராம்சார்' என்ற உலக அந்தஸ்து கிடைத்தது. சந்தோஷம். தண்ணீருக்கு அந்தஸ்து தெரியாது, வழி தெரியும். வழி அடைபட்டால் வேளச்சேரியில் நிற்கும். ஆதம்பாக்கத்தில் இருந்து வரும் வீராங்கல் ஓடையும் அந்த வழிதான் போக வேண்டும்.

2015 டிசம்பரில் தெருவில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயலின்போது நடந்தது அதைவிட கொடுமை. ஐந்து பர்லாங் சாலை பக்கம் கட்டிட வேலைக்காக தோண்டிய சுமார் 50 அடி பள்ளத்தில் மண் சரிந்தது. பிழைப்புக்கு வந்த 2 பேர் உள்ளே சிக்கினார்கள். 4-ந்தேதி விழுந்தவர்களின் உடல்களை 8-ந்தேதிதான் எடுக்க முடிந்தது. ஏரி மண்ணில் 50 அடி தோண்ட அனுமதிக்கிற ஊரில், மழை மேல் மட்டும் பழி போடுவது சரியா?

மழை விட்ட பிறகு அந்தப் பக்கத் தெருக்களில் சுற்றினேன். தரைத் தள வீட்டு வாசலில் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் நனைந்த பீரோவை வெயிலில் காய வைத்துக்கொண்டு இருந்தார். உள்ளே பத்திரம், மகளின் சர்டிபிகேட், எல்லாம் கூழ். "மாடி வீடுன்னா நாலு லட்சம் கூட கேட்டான் தம்பி. பி.எப். பணம் அவ்வளவுக்குத்தான் எட்டிச்சு" என்றார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு தண்ணீர் கோடு. அதற்கு மேலே, பெயிண்ட் அடித்து மறைத்த பழைய கோடு ஒன்று லேசாகத் தெரிந்தது.

தெரு முனையில் இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டேன். "என் வண்டிக்கு சக்கரம் இருக்கு சார், மேட்டுப் பக்கம் தள்ளிக்கினு போயிருவேன். அவங்க வூட்டுக்கு ஏது சக்கரம்?" என்றார்.

கோடு போட்டுக் காட்டுங்கள்

வடிகால் போடவில்லை என்று சொல்லமாட்டேன். போட்டார்கள். 2024-ல் அரசு கையகப்படுத்திய கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் மழை நீருக்கு குளம் வெட்டவும் இறங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் ஓடையில் தூர் வாருவது ஆடி, ஆவணியில் முடிய வேண்டிய வேலை. ஐப்பசியில் பொக்லைன் இறக்கி போட்டோ பிடிப்பது வேலை அல்ல. வாரிய சேற்றை கரையிலேயே போட்டுவிட்டுப் போனால் முதல் மழையில் அது மறுபடியும் உள்ளேதான் போகும்.

இதைவிட சுலபமான வேலை ஒன்று இருக்கிறது. அதிக செலவும் இல்லை. 2015-லும் 2023-லும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஒவ்வொரு தெரு முனையிலும் மாநகராட்சி கோடு போட்டுக் காட்டட்டும். வீடு விற்கிறவர் அந்த உயரத்தை பத்திரத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் வரட்டும். வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரிகிறது, அடமானம் தெரிகிறது. இடுப்பளவு தண்ணீர் தெரியவில்லையே! அதைவிட பெரிய வில்லங்கம் எது?

புரோக்கர்களும் வீடு கட்டி விற்கிறவர்களும் கத்துவார்கள். விலை இறங்கும் என்பார்கள். இறங்கட்டுமே. பள்ளத்தில் இருக்கும் வீட்டை மேட்டு விலைக்கு விற்பதை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பாடுதான் சங்கடம். அவர்களுக்கு வடிகாலும், தரைத் தளத்தை உயர்த்த வங்கிக் கடனில் சலுகையும் கொடுத்தால் நியாயம்.

ஆக, வேளச்சேரி பேருக்குத் தகுந்த ஊர்தானா? தை முதல் புரட்டாசி வரை ஆமாம். மேட்டில், மாடியில் இருக்கிறவருக்கு வருடம் பூராவும் ஆமாம். பள்ளத்துத் தெருவில் தரைத் தளம் வாங்கியவரிடம் கார்த்திகையில் போய் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர். கம்பெனியில் கிளார்க். கல்யாணம் ஆகி ஒரு வருடம். வேளச்சேரியில் வீடு பார்த்து இருப்பதாகச் சொன்னார். "எப்போ பார்த்தீங்க?" என்றேன். "சித்திரையில அண்ணே. தெரு அப்படியே பளபளன்னு இருந்திச்சு" என்றார். "மழையில ஒரு தடவை போய் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

அட்வான்ஸ் கொடுத்து ஒரு வாரம் ஆகிவிட்டதாம்.