மரத்தையும் காக்க வேண்டும்

2025 ஜூலையில், சேலம் மாவட்டம் ஓமலூரை அடுத்த டேனிஷ்பேட்டை வனப்பகுதியில் பழந்தின்னி வௌவால்களைச் சுட்டு, அந்தக் கறியைச் சில்லி சிக்கன் என்று விற்றதாக இருவரை வனத்துறை கைது செய்தது. அதே வட்டாரத்தில் வௌவால்தோப்பு என்றொரு சிற்றூர் இருக்கிறது. மரத்தில் தொங்கும் வௌவால்கள் மிரண்டுவிடும் என்று அங்கே தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை.

ஊருக்கு இருந்த இந்த அக்கறை சட்டத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னியை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தப் பட்டியலையே நீக்கி, பெரிய பழந்தின்னியை இரண்டாம் அட்டவணையில் சேர்த்தது.

ஆல், அத்தி, அரசு, வேம்பு, நெட்டிலிங்கம் எனப் பழுத்த மரங்களைத் தேடிப் பழந்தின்னி இரவில் வெகுதூரம் போகிறது. சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்புகிறது. ஆலம்பழத்தின் பொடிவிதைகள் எச்சத்தோடு வழியெங்கும் விழுகின்றன. வேப்பங்கொட்டைகள் அது தங்கித் தின்னும் மரத்தடியில் உதிர்கின்றன. இலுப்பைப் பூவைத் தின்ன வரும்போது மகரந்தமும் மரம் மாறுகிறது. வேலியோரத்திலும் கரட்டிலும் யாரும் நடாமல் நிற்கும் மரங்களில் பறவைகளுக்கு உள்ள பங்கு இதற்கும் உண்டு.

சப்போட்டா, கொய்யாத் தோட்டக்காரரின் நட்டத்தை மறுக்கவில்லை. அதற்குத் துப்பாக்கி தீர்வல்ல. வௌவால் சிக்கிக்கொள்ளாத நெருக்கமான கண்ணுள்ள வலைக்கு மானியம் வேண்டும். பழந்தின்னிகளோடு தொடர்புடைய நிபா வைரஸ் 2018இல் கோழிக்கோட்டில் பரவியபோது தந்த அச்சமும் புரிகிறது. கடிபட்ட பழத்தைத் தவிர்த்தாலே பாதி எச்சரிக்கை முடிந்தது. வேட்டையாடி, உரித்து, சமைப்பதுதான் நோய்க்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

ஆனால் கைது மட்டும் போதாது. பழந்தின்னி ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். பகலில் கூட்டமாகத் தங்க ஓங்கிய பழைய மரங்கள் வேண்டும். சாலை விரிவாக்கத்தில் ஒரே நாளில் விழும் பழைய மரத்தோடு, வேட்டைக்காரனிடம் தப்பிய கூட்டமும் இடமிழக்கும். எனவே சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்கள் ஏரிக்கரை, கோயில் நிலம், புறம்போக்கு என எங்கிருந்தாலும் வௌவால் தங்கும் மரங்களைக் கணக்கெடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வனத்துறை ஒப்புதலின்றி அவற்றில் கோடரி விழக் கூடாது. தோப்பு போய்விட்டால், ஊரின் பெயரில் மட்டுமே வௌவால் மிஞ்சும்.