வேலையை விடச் சொல்லும் தோழர்களுக்கு

என் தம்பி கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன். தேர்வெழுதி எழுத்தர் ஆனான். திருக்கடையூரில் எங்கள் சேரியிலிருந்து அரசு வேலைக்குப் போன இரண்டாவது ஆள். இப்போது வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரையப் போகிறேன் என்கிறான்.

“நம்ம தெருவ வரைஞ்சா யாருடா வாங்குவா?” என்கிறார் அம்மா. அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அபிராமி படம் வாங்குவார்கள். இவன் வரைவதோ நடவுப் பெண்களின் சேற்றுக்கால்களை.

தோழர்கள் கே.சி.எஸ். பணிக்கரைக் காட்டித் துணியச் சொல்கிறார்கள். தந்தித் துறையிலும் காப்பீட்டிலும் வேலை பார்த்தபின் 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர்தான். ஆனால் 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலத்தில், பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில்தான் ஓவியர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. தனியாளின் துணிச்சல் மட்டும் சோறு போடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நிலமுள்ள வீட்டுப் பிள்ளை வேலையை விட்டால் திரும்ப வயல் இருக்கிறது. எங்களுக்கு அந்தச் சம்பளம்தான் வயல். அதில்தான் நான் ஆய்வு செய்கிறேன். அவனைத் தடுக்க எனக்கு வாயில்லை. என் உதவித்தொகையும் அடுத்த ஆண்டோடு முடிகிறது.

ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் அம்பேத்கர் படம் வரைய அவனைக் கூப்பிடுகிறோம். பொன்னாடை, டீ, ஒரு கைதட்டல். கூலி? இதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட. அடுத்த முறை கூலியைப் பேசிவிட்டுக் கூப்பிடுங்கள். துணிச்சலைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.